மடியில் கனமில்லையா? அப்ப செல்போனைத் திறந்து காட்டு!

எந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்தாலும் ஒரு பழமொழியைத் தூக்கிப் போட்டு வாயை அடைப்பது நம்மாளுங்களுக்குக் கைவந்த கலை. விமான நிலையத்தில் செல்போனை வாங்கி உள்ளே நோண்டுகிறார்களே, லேப்டாப்பைத் திறக்கச் சொல்கிறார்களே, இது நியாயமா என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். நாலு பேர் கோரஸாகச் சொல்வார்கள்: "மடியில் கனமில்லைன்னா வழியில் பயமெதுக்கு?"

எனக்கு இந்தப் பழமொழி மேலேயே ஒரு சந்தேகம் உண்டு. மடி என்பது வேட்டி மடிப்பு. அதில் என்ன இருக்கும்? உழைத்துச் சம்பாதித்த காசு இருக்கும். வழியில் யாரைப் பார்த்துப் பயம்? வழிப்பறிக்காரனைப் பார்த்து. அதாவது கனம் வைத்திருப்பவன் திருடன் அல்ல, திருடனுக்குப் பயப்படுகிறவன். பொருள் உள்ளவனுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும் என்று சொல்ல வந்த பழமொழியை, பயந்தாலே நீ குற்றவாளி என்று தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். இன்றைக்கு மடியில் கனம் இல்லாதவன் எவன்? அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட், சீட்டுக் கம்பெனிக் கணக்கு, ஆதார் போட்டோ, வங்கி செயலி, சண்டை போட்டுவிட்டு ராத்திரி ஒரு மணிக்கு அனுப்பிய மெசேஜ், எல்லாம் ஆறு அங்குலப் பெட்டிக்குள். பேரே மடிக்கணினி! மடியும் கனமும் சேர்ந்தே இருக்கிறது, பிறகென்ன?

சரி, மேட்டருக்கு வருவோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். விமான நிலையத்தில் நம்மைச் சோதிப்பது ஒரே ஆள் அல்ல. ஏறும்போது ட்ரேயில் லேப்டாப்பைத் தனியாக வைக்கச் சொல்வது பாதுகாப்புச் சோதனை. பெரும்பாலும் மத்திய தொழிற்பாதுகாப்புப் படை. அவர்கள் தேடுவது வெடிகுண்டு, கத்தி. லேப்டாப் நிஜமாகவே லேப்டாப்தானா என்று தெரிந்தால் அவர்கள் வேலை முடிந்தது. உள்ளே என்ன ஃபைல் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தேவையே இல்லை. அடுத்தது குடியுரிமைப் பிரிவு. பாஸ்போர்ட், விசா, உங்கள் பேரில் லுக்அவுட் நோட்டீஸ் ஏதாவது உண்டா என்று பார்ப்பார்கள். மூன்றாவது, வெளிநாட்டிலிருந்து இறங்கி வரும்போது நிற்கும் சுங்கத்துறை. வரி கட்ட வேண்டிய பொருள், தடை செய்த பொருள், இதுதான் அவர்கள் கணக்கு. முதல் சோதனைக்கு நான் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கத் தயார். விமானம் வானத்தில் வெடித்தால் அந்தரங்க உரிமையை வைத்து என்ன செய்ய? என் சண்டையெல்லாம் பொருளைத் தேட வந்தவர்கள் என் பேச்சைப் படிக்கிறார்களே, அதோடுதான்.

நான் பி.காம். படிக்கிறவன். சட்டக்கல்லூரி வாசலைக்கூட மிதித்ததில்லை. ஆனால் எங்களுக்குப் பாடத்திலேயே "சரக்கு" என்றால் என்ன என்று சொல்லிக் கொடுப்பார்கள் (சிரிக்காதீங்க, அந்தச் சரக்கு இல்லை). 1962-ஆம் வருடச் சுங்கச் சட்டத்தில் சரக்கு என்பதற்கு வரையறை இருக்கிறது: கப்பல், விமானம், வண்டி, பயணியின் உடைமைகள், பணம், இன்னபிற அசையும் சொத்துகள். சரி, செல்போன் அசையும் சொத்து. புதுசாக நாலைந்து வாங்கி வந்தால் வரி போடட்டும். ஆனால் அதற்குள் இருக்கும் பேச்சு சரக்கா? அண்ணன் தம்பி போட்டுக்கொண்ட வாய்ஸ் மெசேஜுக்கு என்ன டாரிஃப் ஹெட்டிங்?

விவரம் தெரிந்த ஒருத்தர் உடனே மடக்குவார்: 2004-ல் டி.சி.எஸ். வழக்கில் மென்பொருளையே சரக்கு என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதே தம்பி? சொல்லியிருக்கிறது. அது கடையில் விற்கிற மென்பொருளுக்கு, விற்பனை வரி போடுவதற்காகச் சொன்னது. என் போனில் உள்ள குடும்பப் போட்டோ விற்பனைக்கு இல்லை.

கனடாவில் இதே கேள்வி நீதிமன்றத்துக்குப் போனது. அங்கேயும் சுங்கச் சட்டத்தில் "சரக்கைச் சோதிக்கலாம்" என்று பொதுவாக எழுதி வைத்து, அதை வைத்தே இத்தனை வருடமாக லேப்டாப்பையும் போனையும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2020-ல் ஆல்பர்ட்டா மேல்முறையீட்டு நீதிமன்றம், காரணமே இல்லாமல் கருவிக்குள் எல்லையில்லாமல் தேடுவது அரசியல் சாசனத்துக்கு ஒத்துவராது என்று தீர்ப்பு சொன்னது. பெட்டியைத் திறப்பதும் கருவியைத் திறப்பதும் ஒன்றல்ல என்பதுதான் அதன் சாரம். நம்ம ஈழத்துச் சொந்தங்கள் லட்சக்கணக்கில் போய் வருகிற நாடு, அதனால் இங்கே யாருக்காவது பிரயோஜனப்படும்.

இப்போது நம்ம சட்டத்தைப் பார்ப்போம். இங்கேதான் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது.

சுங்க அதிகாரி உங்கள் உடம்பைச் சோதிக்க வேண்டுமென்றால் நினைத்த மாத்திரத்தில் கை வைக்க முடியாது. எதையோ ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று நம்புவதற்குக் காரணம் இருக்க வேண்டும். இது 100-வது பிரிவு. 102-வது பிரிவு இன்னும் அழகு. "என்னை ஒரு கெஜட்டட் அதிகாரி முன்னாலோ மாஜிஸ்திரேட் முன்னாலோ கொண்டு போங்கள்" என்று நீங்கள் கேட்கலாம். கேட்டால் கொண்டு போயே ஆகவேண்டும். காரணம் இல்லையென்று அவர் நினைத்தால் உங்களை உடனே விட்டுவிட வேண்டும். சோதிக்கும்போது இரண்டு சாட்சிகள் இருக்க வேண்டும். பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். வயிற்றுக்குள் தங்கத்தை விழுங்கி வந்திருக்கிறான் என்று சந்தேகமா? அதற்குத் தனியாக 103-வது பிரிவு. மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், அல்லது உதவி ஆணையர், துணை ஆணையர் மட்டத்தில் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி ஸ்கேன் எடுக்க வேண்டும்.

நல்லா கவனிங்க. என் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்க மேலதிகாரி கையெழுத்து வேண்டும். என் போனுக்குள் எட்டிப் பார்க்க? அதற்கென்று அந்தச் சட்டத்தில் தனி நடைமுறை எழுதப்படவே இல்லை. 1962-ல் எழுதியவர்கள் மேல் தப்பில்லை. அப்போது போன் என்றால் சுவரோடு வயர் போட்டுக் கட்டி வைத்த கறுப்புப் பெட்டி. இப்போது எடுப்பதற்குப் பயன்படுவது 110-வது பிரிவு. விசாரணைக்கு உதவும் என்று அதிகாரி கருதினால் ஆவணத்தையோ பொருளையோ கைப்பற்றலாம். கைப்பற்றினால் சரி, அதற்கு மகஜர் உண்டு, சாட்சி உண்டு, கோர்ட்டில் கேள்வி கேட்க வழியுண்டு. ஆனால் கைப்பற்றாமலே "திற, காட்டு" என்று கவுன்ட்டரிலேயே விரலால் தள்ளிப் பார்க்கிறார்களே, அது எந்தக் கணக்கில் வரும்? ஒரு வவுச்சர் இல்லாமல் நடந்த செலவு மாதிரி. ஆடிட்டர் கேட்டால் காட்ட ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.

எங்கள் பெரியப்பா மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். எந்த விமான நிலையம் என்பது வேண்டாம். வளைகுடாவில் ஏ.சி. மெக்கானிக். இரண்டு வருடம் கழித்து லீவில் வந்தவனை நிறுத்தியிருக்கிறார்கள். பெட்டியைப் பிரித்தார்கள், பேரீச்சம்பழ டப்பாவைப் பிரித்தார்கள், ஒன்றும் இல்லை. பிறகு "போனைத் திற" என்றிருக்கிறார்கள். திறந்தான். திறக்காமல் என்ன செய்வான்? வாட்ஸ்அப்பில் மேலிருந்து கீழே போயிருக்கிறார்கள். கேலரிக்குள் போயிருக்கிறார்கள். இரண்டு வருடமாகப் பார்க்காத பொண்டாட்டி புருஷனுக்கு அனுப்பின போட்டோக்கள் அதில் இருக்கின்றன. இருபது நிமிடம். கடைசியில் "சரி போ." எழுத்தில் ஒன்றுமில்லை, யார் பார்த்தார் என்று ஒரு பேர் இல்லை. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மதினி கேட்டது ஒரே ஒரு கேள்வி: "நம்ம போட்டோவையெல்லாம் பார்த்தாங்களாங்க?" அண்ணன் "இல்லம்மா, சும்மா நம்பரைப் பார்த்துட்டுக் கொடுத்துட்டாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டான். அன்றைக்கு ராத்திரி என்னிடம் சொன்னான், "செயினுக்கு டூட்டி கேட்டிருந்தாக்கூடக் கட்டிட்டு வந்திருப்பேன்டா."

இதில் மதினி செய்த குற்றம் என்ன? அவர் பயணமே செய்யவில்லை. ஊரில் உட்கார்ந்திருந்தார். போன் சோதனையில் இருக்கிற பெரிய அநியாயமே இதுதான். சோதிக்கப்படுவது ஒருத்தன், அம்பலமாவது அவனோடு பேசிய நூறு பேர். "எனக்கு மறைக்க ஒன்றுமில்லை" என்று நீங்கள் தாராளமாகச் சொல்லலாம். உங்களோடு பேசியவர்கள் சார்பாகச் சொல்ல உங்களுக்கு யார் பவர் ஆஃப் அட்டர்னி எழுதிக் கொடுத்தது?

"அப்ப குருவிங்களை எப்படிப் பிடிக்கிறது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. குருவிகள் உண்டு, தங்கம் வருகிறது, யாரிடம் கொடுக்க வேண்டும் என்ற தகவல் போனில்தான் வருகிறது. எல்லாம் உண்மை. ஆனால் பெரிய கணக்கு எப்படி நடந்தது என்று பாருங்கள். 2024-ல் சென்னை விமான நிலையத்தில் இரண்டு மாதத்தில் 267 கிலோ, சுமார் 167 கோடி ரூபாய் தங்கம் கடத்தப்பட்டது என்று சுங்கத்துறையே சொன்னது. எதன் வழியாக? விமான நிலையத்துக்கு உள்ளேயே இருந்த ஒரு கடையின் வழியாக என்பதுதான் குற்றச்சாட்டு. 2025 மார்ச்சில் பெங்களூரில் ஒரு கன்னட நடிகையிடம் 14 கிலோவுக்கு மேல் பிடிபட்டது. அவர் அதற்கு முன்னால் பலமுறை போலீஸ் மரியாதையோடு வெளியே போனதாக அப்போது செய்திகள் வந்தன. ஏ.சி. மெக்கானிக்கின் கேலரியை இருபது நிமிடம் பார்த்தால் இதெல்லாம் தெரிந்திருக்குமா? எங்கள் ஆடிட்டிங் பாடத்தில் 1896-ஆம் வருட இங்கிலாந்துத் தீர்ப்பு ஒன்று வரும். தணிக்கையாளர் காவல் நாயாக இருந்தால் போதும், மோப்ப நாயாக இருக்க வேண்டியதில்லை என்று. மோப்ப நாய்கூட வாசனை வந்த பெட்டியிடம்தான் போகும் சாமி. வரிசையில் நிற்கிற எல்லார் மடியையும் முகராது.

சந்தேகம் இருக்கிறதா? காரணத்தை எழுதுங்கள். போனைக் கைப்பற்றுங்கள், உறையில் போட்டு சீல் வையுங்கள், நீதிமன்ற அனுமதி வாங்கித் திறங்கள், எதைத் தேடுகிறீர்களோ அதை மட்டும் தேடுங்கள். இதைச் செய்யக் கஷ்டமாக இருக்கிறதென்றால், அந்தக் கஷ்டம்தான் சட்டம்.

சீல் என்று சொன்னேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. டிஜிட்டல் கருவி உங்கள் கண்ணை விட்டு அகன்ற பிறகு அதில் ஒன்றும் சேர்க்கப்படவில்லை என்று எப்படி நிரூபிப்பீர்கள்? கைப்பற்றும்போதே "ஹாஷ் மதிப்பு" என்று ஒன்றை எடுப்பார்கள். நம்ம பாஷையில் சொன்னால் பேரேட்டின் மொத்தக் கூட்டுத்தொகை மாதிரி. உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். எண்ணை உங்களிடம் கொடுத்துவிட்டால் பிறகு யாரும் விளையாட முடியாது. திருச்சிப் பக்கத்து விரகாலூரில் பிறந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமியின் கம்ப்யூட்டரை 2019-ல் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் 2021 ஜூலை 5-ஆம் தேதி, விசாரணைக் கைதியாகவே மும்பை மருத்துவமனையில் இறந்துபோனார். அடுத்த வருடம் டிசம்பரில் ஆர்சனல் கன்சல்டிங் என்ற அமெரிக்கத் தடயவியல் நிறுவனத்தின் அறிக்கை வெளிவந்தது. கம்ப்யூட்டர் அவர் கையில் இருந்தபோதே வெளியிலிருந்து யாரோ ஊடுருவி அந்த ஆவணங்களை உள்ளே வைத்திருக்கிறார்கள் என்றது அந்த அறிக்கை. புலனாய்வு அமைப்பு ஆர்சனல் சொல்வதை ஏற்கவில்லை. யார் சொல்வது சரி என்று நான் தீர்ப்பு எழுத வரவில்லை. ஒரு ஃபைல் ஒரு மனிதனின் சிறையாக மாற முடியும் என்றால், அந்த ஃபைல் இருக்கும் பெட்டியைக் கையாள ஒழுங்கான விதி வேண்டுமா வேண்டாமா?

இந்த விதி கேட்டுத்தான் பத்திரிகையாளர் அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றம் போனது. 2023 நவம்பர் 7 அன்று நீதிபதிகள் சஞ்சய் கிஷன் கவுல், சுதான்ஷு துலியா அமர்வு, கருவிகளைக் கைப்பற்ற வழிகாட்டுதல் ஏதும் இல்லாமலிருப்பது ஆபத்து என்று மத்திய அரசிடம் சொன்னது. டிசம்பரில் அரசு என்ன சொன்னது தெரியுமா? புது விதி வரும்வரை மத்திய அமைப்புகள் சி.பி.ஐ.யின் 2020 கையேட்டைப் பின்பற்றும் என்று. கையேடு! நாடாளுமன்றம் இயற்றிய சட்டமில்லை, ஓர் அமைப்பு தன் அதிகாரிகளுக்காக எழுதிக்கொண்ட புத்தகம். எங்கள் கல்லூரி காலண்டரிலும்தான் நிறைய விதி இருக்கிறது.

அந்தரங்க உரிமை என்பது ஏதோ அமெரிக்காவில் இருந்து இறக்குமதியான சொகுசு என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த உரிமையின் இந்திய வரலாற்றில் ஒரு முக்கியமான கட்டம் நம்ம தமிழ்நாட்டு வழக்கு. ஆட்டோ சங்கர்! சிறையில் அவர் எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிட முயல, அதிகாரிகளின் பேர் வெளியே வருமே என்று சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. 1994-ல் ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயம் சொன்னது. முன்கூட்டியே தடை போட அரசுக்கு அதிகாரமில்லை. அதோடு, ஒரு குடிமகனைத் தொந்தரவு செய்யாமல் தனியாக விட்டுவிட வேண்டிய உரிமை 21-வது சட்டப்பிரிவுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கப்புறம் 2017 ஆகஸ்ட் 24-ல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் இது அடிப்படை உரிமைதான் என்று உறுதி செய்தார்கள். இந்த உரிமைக்குள் அரசு நுழைய வேண்டுமென்றால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது. கவுன்ட்டரில் விரலால் தள்ளிப் பார்ப்பது முதல் படியிலேயே தடுக்கி விழுகிறதே?

மதுரைக் கிளையே இந்தப் பக்கம் பேசியிருக்கிறது. பரமக்குடி நீதிமன்றத்தில் நடந்த ஒரு விவாகரத்து வழக்கு. கணவன் மனைவிக்குத் தெரியாமல் எடுத்த அவரது அழைப்புப் பட்டியலைச் சாட்சியமாக வைத்தான். கணவன் மனைவிக்குள்ளும் அந்தரங்கம் உண்டு, இப்படி எடுத்தது செல்லாது என்று 2024 அக்டோபரில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் சொன்னார். (2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், தம்பதிக்குள் ரகசியமாகப் பதிந்த பேச்சைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று சொல்லிவிட்டது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்களே பிடித்துவிடுவீர்கள்.) அதே 2025 ஜூலையில் சென்னையில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஒரு லஞ்ச வழக்குக்காக 2011-ல் உள்துறை அமைச்சகம் போட்ட போன் ஒட்டுக்கேட்பு உத்தரவையே ரத்து செய்தார். பொது அவசரநிலை, பொதுப் பாதுகாப்பு இந்த இரண்டும் இல்லாமல் குற்றத்தைக் கண்டுபிடிக்க உதவும் என்பதற்காக மட்டும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது தீர்ப்பு. இனி பேசப்போவதை ஒட்டுக்கேட்க இவ்வளவு நிபந்தனை. ஏற்கெனவே பேசி முடித்த பத்து வருடப் பேச்சையும் மொத்தமாக அள்ளிப் படிக்க ஒன்றுமே வேண்டாமா?

தாலி விஷயம் ஞாபகம் இருக்கிறதா? 2023 கடைசியில் சென்னை விமான நிலையத்தில் புதிதாகக் கல்யாணமான ஓர் இலங்கைப் பெண்ணின் தாலிக்கொடியைச் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. 2025-ல் சென்னை உயர்நீதிமன்றத் தனி நீதிபதி, புதுமணப் பெண் தாலி அணிவது இந்த மண்ணின் வழக்கம், அதை மதிக்கத் தெரிய வேண்டும் என்று கண்டித்துத் திருப்பித் தரச் சொன்னார். அந்தச் செய்தி வந்தபோது ஊரே கொதித்தது, டீக்கடையில்கூட அதே பேச்சு. கொதித்தது சரிதான். ஆனால் கழுத்தில் தொங்குகிற தாலிக்குக் கொதித்த நாம், அதே பெண்ணின் போனை வாங்கிப் புருஷனோடு பேசியதைப் படித்திருந்தால் "மடியில் கனமில்லைன்னா..." என்று ஆரம்பித்திருப்போமே!

வெளிநாடு போக நினைக்கிற நம் ஆட்களுக்கு நிலைமை இன்னும் மோசம். அமெரிக்க எல்லையில் வாரண்ட் தேவையில்லை. 2015 நிதியாண்டில் அங்கே சுமார் 8,500 பயணிகளின் கருவிகளைச் சோதித்தார்கள். 2024-ல் அது சுமார் 47,000. மொத்தப் பயணிகளில் இது நூறில் ஒரு பங்கின் நூறில் ஒரு பங்குதான் என்று அவர்கள் சொல்வார்கள். சரி, அந்த ஒருத்தனாக நீங்கள் இருந்தால்? 2017 ஜனவரியில் சிட் பிக்கண்ணவர் என்ற நாசா விஞ்ஞானியை ஹூஸ்டனில் நிறுத்தினார்கள். அமெரிக்காவிலேயே பிறந்தவர், கையில் இருந்தது அலுவலகம் கொடுத்த போன். பின் நம்பரைச் சொன்ன பிறகுதான் விட்டார்கள். அவரும் இன்னும் சிலரும் வழக்குப் போட்டு 2019-ல் பாஸ்டனில் ஓரளவு ஜெயித்தார்கள். 2021-ல் மேல்நீதிமன்றம் அதைத் திருப்பிவிட்டது. ஆனாலும் அங்கே ஒரு எழுத்துபூர்வ விதி 2018-லிருந்து இருக்கிறது: நெட்வொர்க்கை அணைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும், வயர் போட்டு நகல் எடுக்கும் சோதனைக்கு நியாயமான சந்தேகமோ தேசப் பாதுகாப்புக் காரணமோ வேண்டும், மேலதிகாரி ஒப்புதலும் வேண்டும். விதி நல்ல விதி என்று சொல்லவில்லை. விதி என்று ஒன்றாவது இருக்கிறது, வருடாவருடம் எண்ணிக்கையாவது வெளியிடுகிறார்கள். நியூசிலாந்தில் 2018 அக்டோபரிலிருந்து பாஸ்வேர்ட் சொல்லாவிட்டால் 5,000 டாலர் வரை அபராதம். பிரிட்டனில் பயங்கரவாதச் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி சந்தேகமே இல்லாமல் ஆறு மணி நேரம் உட்கார வைக்கலாம். மேல்படிப்புக்கு அமெரிக்கா போகிற நண்பர்களிடம் 2025 ஜூனிலிருந்து சமூக ஊடகக் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்கச் சொல்கிறார்கள். விமானம் ஏறுவதற்கு முன்பே சோதனை தொடங்கிவிட்டது.

உள்ளூரில் மட்டும் என்னவாம்? பழைய வருமான வரிச் சட்டத்தின் 132-வது பிரிவை மனப்பாடம் செய்துகொண்டிருந்த நமக்கு 2025-ல் புதுச் சட்டம் வந்தது. 2026 ஏப்ரல் 1 என்று தேதி குறித்த சட்டம். அதன் 247-வது பிரிவில் "மெய்நிகர் டிஜிட்டல் வெளி" என்று ஒரு புதுச் சங்கதி. மின்னஞ்சல், சமூக ஊடகம், ஆன்லைன் வங்கி, பங்குக் கணக்கு, கிளவுட் எல்லாம் அதில் அடக்கம். பாஸ்வேர்ட் தராவிட்டால் அதைத் தாண்டித் திறக்கவும் அதிகாரம். எல்லாருக்கும் இல்லை, சட்டப்படி நடக்கும் சோதனையின்போது மட்டும்தான் என்று அரசு விளக்கம் சொன்னது. ஒப்புக்கொள்கிறேன், நாளைக்கே உங்கள் இன்ஸ்டாகிராமை வருமான வரித்துறை பார்க்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது புருடா. ஆனால் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2025 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் இந்த அதிகாரத்துக்குச் சொன்ன நியாயம் என்ன? வாட்ஸ்அப் செய்திகள் மூலம் கணக்கில் வராத பணத்தைக் கண்டுபிடித்தோம், கூகுள் மேப் வரலாற்றை வைத்துப் பணம் பதுக்கிய இடத்தைக் கண்டுபிடித்தோம் என்று. அதெல்லாம் பழைய சட்டம் இருந்தபோதே கண்டுபிடித்ததுதானே அம்மா? பிறகு புதுச் சாவி எதற்கு?

எங்கள் ஊர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 2009 இடைத்தேர்தலும் அந்த "ஃபார்முலா"வும்தான் ஞாபகம் வரும். இன்னொன்றும் இருக்கிறது, கப்பலூர் டோல்கேட். உள்ளூர் வண்டிக்குக் காசு கேட்கக் கூடாது என்று வருடக்கணக்கில் மறியல், கடையடைப்பு, பேச்சுவார்த்தை. நூறு ரூபாய்க்கும் குறைந்த காசுக்கு "எந்த விதிப்படி வாங்குற, காட்டு" என்று கேட்கத் தெரிந்த ஊர் இது. அதே ஆட்கள் பத்திருபது கிலோமீட்டர் தள்ளி மதுரை விமான நிலையத்துக்குப் போனால் பாஸ்போர்ட்டை நீட்டும்போதே கை நடுங்குகிறது. 2012-ல் கொழும்புக்கு முதல் வெளிநாட்டு விமானம் கிளம்பியதிலிருந்து எங்கள் பக்கத்து ஜனங்கள் அதில் போய் வருகிறார்கள். கொத்தனார், டிரைவர், வீட்டு வேலைக்குப் போகிற அக்காக்கள். ஆங்கிலத்திலோ இந்தியிலோ யாராவது அதட்டினால் எதை வேண்டுமானாலும் திறந்து காட்டிவிடுவார்கள். சம்மதித்துத்தான் காட்டினார் என்று பிறகு எழுதிக்கொள்ளலாம். அதற்குப் பேர் சம்மதமா?

ஆகவே ஊருக்கு வருகிற சித்தப்பா, மாமா, அண்ணன் யாராக இருந்தாலும் இதைச் சொல்லி வையுங்கள். சண்டை போட வேண்டாம், சட்டத்தைக் கையில் எடுக்க வேண்டாம், பொய்யும் சொல்ல வேண்டாம். மரியாதையாகக் கேளுங்கள்: "சார், எந்தப் பிரிவுல பார்க்கிறீங்க? கெஜட்டட் ஆபீசர் முன்னாடி பார்க்கலாமா? சாட்சி யாரு?" போனை எடுத்துக்கொள்கிறார்கள் என்றால் மாடல், ஐ.எம்.இ.ஐ. எண், தேதி, நேரம், அதிகாரியின் பேர், எல்லாம் போட்ட மகஜரில் ஒரு நகல் கேட்டு வாங்குங்கள். புரியாத பாஷையில் எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கைப்பற்றிய ஆவணங்களுக்கு நகல் எடுத்துக்கொள்ள உரிமை உண்டு என்று அதே 110-வது பிரிவு சொல்கிறது, அதையும் கேளுங்கள். கைரேகை, முகம் வைத்துத் திறக்கிற பூட்டை இறங்குவதற்கு முன்னால் அணைத்துவிட்டு எண் பூட்டை மட்டும் வையுங்கள். வீட்டுப் போட்டோக்களைப் பயணத்துக்கு முன்னாலேயே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு வரச் சொல்லுங்கள். எங்கள் அண்ணன் இந்த முறை திரும்பிப் போகும்போது கேலரியைக் காலி செய்துவிட்டுத்தான் போனான். மதினியும் இப்போதெல்லாம் போட்டோ அனுப்புவதில்லை.